தேவ்லாலிக்கு வந்த பைத்தியம்

நமது அண்டை வீட்டில் எட்டாவது வகுப்பில் படிக்கும் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் ஒரு நாள் மாலை அக்குழந்தை தன் ஆங்கில நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு நம்மிடம் நியாயம் கேட்க வந்தது.

"தாத்தா, இதில் என்ன தப்பு இருக்கிறது? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்!"

நோட்டை வாங்கிப் பார்த்தோம். பத்துச் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் அமைத்துக் காட்டும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வாக்கியங்கள் சரி என்று அடையாளம் பெற்றிருந்தன. பத்தாவது வாக்கியத்தின் மேல் மட்டும் சிவப்பு மை குறுக்கே ஓடியிருந்தது. கொடுக்கப்பட்ட சொல் 'டூலாலி'. குழந்தை எழுதியிருந்த வாக்கியத்தின் பொருள் இது: "என் சித்தப்பா டூலாலியில் பீரங்கி சுடக் கற்றுக் கொடுக்கிறார்."

ஓரத்தில் ஆசிரியை ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இது ஊர்ப் பெயர் அன்று. 'புத்தி பேதலித்த' என்று பொருள்படும் அடைமொழி. ஆகவே முதல் எழுத்துச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். இதன் முன்னால் 'அட்' என்னும் சொல் வரக் கூடாது. கீழே மாதிரி வாக்கியம் ஒன்றும் இருந்தது. ஓயாத சத்தம் ஒரு மனிதரை டூலாலி ஆக்கிவிட்டது என்பது அதன் கருத்து.

"நான் அகராதியைப் பார்த்துத்தான் எழுதினேன், தாத்தா. தேவ்லாலி என்ற ஊரின் பெயரிலிருந்து இந்த வார்த்தை வந்தது என்று அதிலேயே போட்டிருக்கிறது. சித்தப்பா அந்த ஊரில்தானே இருக்கிறார்? அங்கே யாருக்குமே பைத்தியம் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் உலர்ந்த திராட்சை வாங்கிக் கொண்டு வருகிறார்!" என்றது குழந்தை. சொல்லும்போதே அதன் குரல் கம்மிவிட்டது.

ஆசிரியை சொன்னதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. குழந்தை சொன்னதில் உண்மைப் பிழை ஏதும் இல்லை. இப்படிப்பட்ட வழக்கில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது உசிதமல்ல என்று, ஒரு வாரம் அவகாசம் கேட்டுக் குழந்தையை அனுப்பி வைத்தோம். அந்த ஒரு வாரத்தில் நாம் அறிந்ததையும் யோசித்ததையும் நேயர்களுக்குச் சொல்லுவதே இந்த வாரத்து விஷயம்.

முதலில் ஊரைப் பற்றி. மகாராஷ்டிரத்தில், கோதாவரிக் கரையில் உள்ள நாசிக் நகரத்தை அடுத்திருப்பது தேவ்லாலி. ராமபிரான் வனவாசத்தில் தங்கியதாக மக்கள் போற்றும் பஞ்சவடி அந்த நாசிக்கில்தான் இருக்கிறது. தேவ்லாலியின் சீதோஷ்ணம் உடம்புக்கு நல்லது என்று பெயர் பெற்றது. இன்று மும்பை என்று வழங்கும் பம்பாயிலிருந்து ஆரோக்கியம் நாடி வருகிறவர்கள் தங்குவதற்காக அங்கே பல விடுதிகளைக் கட்டி வைத்தார்கள். பைத்தியத்துக்கும் அந்த ஊருக்கும் இயற்கையில் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

சம்பந்தத்தை உண்டாக்கியவர்கள் வெள்ளைக்காரச் சோல்ஜர்கள். 1861-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தார் அங்கே ஒரு முகாம் அமைத்தார்கள். சீமையிலிருந்து வந்திறங்கிய சிப்பாய்கள் தங்கள் படைகளுக்குப் போகுமுன் அங்கே தங்கினார்கள். ஒப்பந்த காலம் முடிந்து ஊர் திரும்ப வேண்டியவர்கள், கப்பல் வரும் வரையில் அங்கே காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பில்தான் கஷ்டம் விளைந்தது. சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் குளிர்கால மாதங்களில் மட்டுமே ஓடின. அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் போன பிறகு ஒருவனுடைய காலம் முடிந்தால், அடுத்த பருவத்தின் முதல் கப்பல் வரையில் அவன் தேவ்லாலியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அத்தனை மாதங்களும் அவனுக்கு உருப்படியான வேலை ஒன்றும் இல்லை. மேலே கோடை வெயில், கையில் சம்பளப் பணம், பக்கத்தில் சாராயம். சிலர் குடித்தார்கள், சிலர் சூதாடினார்கள், சிலர் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்கள், சிலர் உண்மையாகவே புத்தி கலங்கினார்கள். பிராங்க் ரிச்சர்ட்ஸ் என்னும் பழைய சிப்பாய், 1936-ல் வெளியான தமது இந்திய நினைவுகளில், தேவ்லாலியில் காத்துக் கிடந்தவர்களின் நிலைமையை எழுதியிருக்கிறார். இந்த நோய்க்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் 'டூலாலி டாப்'. பின்பாதியில் உள்ள 'டாப்' என்பது ஜுரத்தைக் குறிக்கும் ஹிந்துஸ்தானிச் சொல்; நாம் தாபம் என்றும் தபனம் என்றும் வழங்குகிறோமே, அவற்றின் உறவு. ஆகவே முழுப் பெயருக்கும் 'தேவ்லாலி ஜுரம்' என்றே பொருள். நாளடைவில் ஜுரம் இறங்கிவிட்டது. 'டூலாலி' மட்டும் நின்று, புத்தி பேதலித்தவன் என்று பொருள் தரலாயிற்று. சிப்பாய்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டு போய்த் தங்கள் வீடுகளில் இறக்கினார்கள். இன்று இங்கிலாந்தில் அச்சொல்லை வழங்குகிறவர்களில் பலர், அப்படி ஓர் ஊர் இருப்பதையே அறியமாட்டார்கள்.

இனி இலக்கணத்தைப் பார்ப்போம். ஓர் ஊர்ப் பெயர் ஆங்கில வாக்கியத்தில் நான்கு நிலைகளில் நிற்கக் கூடும் என்று நமக்குத் தோன்றுகிறது. இவை நாமாகப் பிரித்துக் கொண்ட நிலைகள். இலக்கணப் பண்டிதர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

முதல் நிலையில் ஊர் ஊராகவே இருக்கிறது. 'இன்', 'அட்', 'டு' என்பன போன்ற சிறு சொற்கள் அதற்கு முன்னால் கட்டியம் கூறி வருகின்றன. ஓர் ஊரில் இருந்தேன், ஓர் ஊருக்குப் போனேன் என்பவை இந்த ரகம். தலையெழுத்துப் பெரிய எழுத்தாக இருக்கும். ஊருக்கு எவ்வித ஆபத்தும் இல்லை.

இரண்டாம் நிலையில் ஊர், ஒரு பொருளுக்கு முன்னால் அடைமொழியாகப் போய் நிற்கிறது. நாம் 'திண்டுக்கல் பூட்டு' என்றும் 'மதுரை மல்லிகை' என்றும் சொல்லுவது போல, ஆங்கிலேயர்கள் 'டிரிச்சினாப்பொலி சுருட்டு' என்றார்கள். நமது திருச்சிராப்பள்ளியைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள். இந்த நிலையில் ஊருக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

மூன்றாம் நிலைதான் கவனிக்க வேண்டியது. 'ஒரு' என்று பொருள்படும் 'ஏ' என்னும் ஓரெழுத்துச் சொல் ஊரின் முன்னால் வந்து உட்காருகிறது. உட்கார்ந்தவுடனே ஊர், எண்ணக் கூடிய சரக்காக மாறிவிடுகிறது. கானன் டாயில் 1887-ல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், சிந்திக் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலைகாரன் புகைத்தது டிரிச்சினாப்பொலிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். 1890-ல் வந்த இரண்டாவது நாவலில் சுருட்டு என்ற சொல்லே தேவைப்படவில்லை; 'ஒரு டிரிச்சினாப்பொலி' என்பதே போதுமானதாக இருந்தது. மலைக்கோட்டையும் உச்சிப் பிள்ளையாரும் காவேரியும் அந்த 'ஏ' என்னும் ஓர் எழுத்தின் கீழ்ச் சாம்பலாகிவிட்டன! இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சுருட்டுக்கு வேண்டிய புகையிலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்தில் விளைந்தது. அதைச் சுருட்டிய கைகள் உறையூரில் இருந்தன. விளைந்த ஊருக்கும் உழைத்த ஊருக்கும் அந்த வாக்கியத்தில் இடம் இல்லை.

கோல்கொண்டாவின் கதையும் இதுவே. 'ஒரு கோல்கொண்டா' என்றால் ஆங்கிலத்தில் அள்ள அள்ளக் குறையாத செல்வம், பெரும் சுரங்கம் என்று பொருள். உண்மையில் ஹைதராபாத்தை அடுத்த கோல்கொண்டாக் கோட்டைக்குள் வைரச் சுரங்கம் எதுவும் இருந்ததில்லை. குதுப் ஷாஹி சுல்தான்களின் தலைநகராக இருந்தபடியால் வைர வியாபாரம் அங்கே நடந்தது. வைரம் கிடைத்ததோ கிருஷ்ணா நதிக் கரையில் கொல்லூர் முதலான இடங்களில். பதினேழாம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வந்த டவேர்னியே என்னும் பிரெஞ்சு நாட்டு ரத்தின வியாபாரி, சுரங்கங்களையும் அவற்றில் மண் தோண்டி அரித்துக் கொண்டிருந்த பெருங் கூட்டத்தையும் தமது யாத்திரை நூலில் வர்ணித்திருக்கிறார். 1687-ல் ஔரங்கசீப்பின் படை கோட்டையைப் பிடித்தது. சுல்தான்களின் ஆட்சி முடிந்தது. 'ஒரு கோல்கொண்டா' மட்டும் ஆங்கில வாக்கியத்தில் பிரகாசித்துக் கொண்டே இருந்தது. அந்தப் பெயரின் அதிர்ஷ்டத்தை நம்பி அமெரிக்காவில் சில ஊர்களுக்கே கோல்கொண்டா என்று பெயரிட்டு விட்டார்கள். கொல்லூர் என்ற பெயரைப் பிள்ளைக்கோ ஊருக்கோ யாரும் அங்கே வைத்ததாகத் தெரியவில்லை.

நான்காம் நிலையில் பெரிய எழுத்தும் போய்விடுகிறது. சிறிய எழுத்தில் எழுதப்படும் அன்றைக்கே ஊர் தன் குடியுரிமையை இழந்து சாதாரண வார்த்தையாகிறது. 'காலிகோ' என்ற சொல்லை நமது வீடுகளில் அறியாதவர்கள் இரார். பழைய புத்தக விளம்பரங்களில் 'காலிகோ பைண்டு' என்று போட்டு, நாலணா எட்டணா அதிக விலை கேட்பார்களே, அதே காலிகோதான். அது கள்ளிக்கோட்டை என்று நம் முன்னோர்களும், கோழிக்கோடு என்று அவ்வூரார்களும் வழங்கும் துறைமுகப் பட்டினத்தின் பெயர். 1498-ல் வாஸ்கோ ட காமா வந்து சேர்ந்தது அந்தக் கரையில்தான். அந்தத் துறைமுகத்தின் பெயரால் பருத்தித் துணிக்கு ஐரோப்பாவில் பெயர் ஏற்பட்டது. நாளாவட்டத்தில் இந்தியாவின் எந்த மூலையில் நெய்த துணியும் அங்கே காலிகோ ஆயிற்று.

அந்த வார்த்தைக்கு இங்கிலாந்தில் நடந்த மரியாதையையும் சொல்ல வேண்டும். பூப்போட்ட நம் நாட்டுத் துணிகளை ஆங்கிலப் பெண்மணிகள் விரும்பி உடுத்தத் தொடங்கியதும், அந்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் வயிற்றில் அடித்துக் கொண்டார்கள். 1700-ல் ஆசியாவிலிருந்து வரும் சாயமிட்ட, அச்சிட்ட காலிகோவைத் தடுத்துச் சட்டம் செய்தார்கள். அதுவும் போதவில்லை. 1719-ல் லண்டன் தெருக்களில் காலிகோ உடுத்திச் சென்ற பெண்களை நெசவாளர்கள் வழிமறித்து ஆடையைக் கிழித்தார்கள். 1721-ல், அச்சிட்ட காலிகோவை உடுத்துவதையே குற்றமாக்கினார்கள். 1774-ல் அந்தத் தடை நீங்குவதற்குள் இங்கிலாந்தில் நூற்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பின்னர் லங்காஷயர் ஆலைகளில் நெய்த காலிகோ கப்பல் கப்பலாக இந்தியாவுக்கே வந்து இறங்கிற்று. கள்ளிக்கோட்டையின் பெயர் கள்ளிக்கோட்டைக்கே அந்நியத் துணியாகத் திரும்பி வந்த விந்தை இது. நமது தகப்பனார்கள் காலத்தில் தெரு முனைகளில் அந்நியத் துணியைக் குவித்துக் கொளுத்தினார்களே, அந்தத் தீயில் எரிந்தவற்றில் காலிகோவும் இருந்திருக்கும். தாங்கள் எரிப்பது ஓர் இந்திய ஊரின் பெயர் என்பதை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

டூலாலியும் இந்த நான்காம் நிலையைச் சேர்ந்ததே. கள்ளிக்கோட்டைத் துணியாவது உடம்பை மூடிற்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டாவது கொஞ்சம் மணந்தது. தேவ்லாலிக்குக் கிடைத்தது பைத்தியப் பட்டம்!

இவ்வளவு தூரம் படித்த நேயர்களில் சிலருக்கு ரத்தம் கொதிக்கலாம். நமக்கும் முதலில் கொதித்தது. ஆனால் நியாயம் பேசப் புகுந்தவர்கள் இரு தரப்பையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம் தன் சொந்த ஊர்களையும் இப்படித்தான் நடத்தியிருக்கிறது. ஒருவரோடு ஒருவரும் பேசாமல் ஒதுக்கி வைப்பதற்கு 'கவென்ட்ரிக்கு அனுப்புதல்' என்று அவர்கள் சொல்லுகிறார்கள். கவென்ட்ரி இங்கிலாந்தின் நடுவிலுள்ள நல்ல நகரம்; அங்கே போனால் தாராளமாகவே பேசுவார்கள். இயேசுநாதர் பிறந்த பெத்லஹேமையாவது விட்டார்களா? 1247-ல் லண்டனில் அப்பெயரால் ஏற்பட்ட ஒரு மடம் பிற்காலத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியாயிற்று. பெத்லஹேம் 'பெட்லம்' என்று மருவிக் கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் பெயராகிவிட்டது. புனித க்ஷேத்திரத்துக்கே அந்தக் கதி என்றால், நாசிக்குக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறிய முகாம் எம்மாத்திரம்?

நாமும் பரிசுத்தர்கள் அல்ல. சீன தேசத்தாரைக் கேளாமலே அவர்கள் நாட்டுப் பெயரைச் சர்க்கரைக்கு வைத்து, சீனி என்று காப்பியில் கரைத்துக் குடித்துக் கொண்டிருக்கிறோம். கடல் கடந்து வந்த எதுவாயிருந்தாலும் 'சீமை' என்று முத்திரை குத்தினோம். மண்ணெண்ணெய் சீமை எண்ணெய் ஆயிற்று; கரும்பலகையில் எழுதும் கட்டி சீமைச் சுண்ணாம்பு ஆயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்து நமது கண்மாய்களையெல்லாம் மூடிக் கொண்ட முள் மரத்துக்குச் சீமைக் கருவேலம் என்று பெயர் வைத்து, அந்தப் பழியையும் இங்கிலாந்தின் தலையில் போட்டுவிட்டோம்.

நன்னூல் படித்தவர்களுக்கு இதெல்லாம் புதிது அல்ல. 'ஊர் சிரித்தது' என்றால் ஊரார் சிரித்தார்கள் என்று பொருள். இடத்தின் பெயர் இடத்தோடு சம்பந்தப்பட்ட ஒன்றுக்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என்று பவணந்தி முனிவர் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆகவே ஊர்ப் பெயர் வேறு பொருளுக்கு ஆகி வருவதைக் குற்றம் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். பாஷை என்று ஒன்று இருக்கும் வரையில் அது நடந்து கொண்டேதான் இருக்கும்.

அப்படியானால் அந்தக் குழந்தையின் குரல் ஏன் கம்மிற்று? நமக்கு ஏன் மனம் உறுத்துகிறது?

இதை நாம் மூன்று நாள் யோசித்தோம். நமக்குப் புலப்பட்ட விடை இது. கவென்ட்ரியைப் பற்றி ஆங்கிலத்தில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. அங்கே பிறந்தவர்களைப் பற்றியும், அங்கே உற்பத்தியாகும் மோட்டார் வண்டிகளைப் பற்றியும், 1940-ல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி அந்நகரத்தின் பழைய தேவாலயத்தை இடித்ததைப் பற்றியும், அதன் பக்கத்திலேயே புதிய தேவாலயம் கட்டப்பட்டதைப் பற்றியும் ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் இருக்கின்றன. ஒரு கேலி அவற்றுக்கு நடுவில் கரைந்து போகிறது. தேவ்லாலிக்கோ ஆங்கில வீடுகளில் வழங்கும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் எழுதியவர்கள் அந்த ஊரார் அல்லர். அங்கே இருக்கப் பிடிக்காமல், எப்போது கப்பல் வரும் என்று ஏங்கிக் கிடந்தவர்கள். ஓர் ஊரைப் பற்றி வெளியுலகம் அறிந்த ஒரே வாக்கியம், அந்த ஊரை விட்டுப் போகத் துடித்தவன் எழுதிய வாக்கியமாக இருப்பது பெரிய அநியாயம் அல்லவா?

அந்தச் சோல்ஜர்களின் மேல் நமக்கு இரக்கமும் இல்லாமல் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தாயையும் ஊரையும் பிரிந்து வருஷக் கணக்கில் அந்நிய வெயிலில் கிடந்தவர்கள். இங்கே அவர்களுக்கு என்ன வேலை, ஏன் அவர்களை அனுப்பினார்கள் என்பதையெல்லாம் தீர்மானித்தவர்கள் வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேவ்லாலியில் கிடந்தவன் எந்த ஊரை நினைத்து ஏங்கினானோ, அந்த ஊருக்கு அவன் வைத்த செல்லப் பெயர் 'பிளைட்டி'. இங்கிலாந்து என்னும் தாய்நாட்டையே அது குறிக்கும். அச்சொல் எங்கிருந்து வந்தது? அந்நிய நாட்டுச் சரக்கையும் அந்நியனையும் ஹிந்துஸ்தானியில் 'விலாயதி' என்பார்கள். அதைத்தான் சிப்பாய் தன் நாக்குக்குத் தகுந்தபடி பிளைட்டி ஆக்கிக் கொண்டான். 1914-ல் தொடங்கிய மகா யுத்தத்தில் அச்சொல்லுக்கும் 'ஒரு' சேர்ந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பும்படியான காயம் பட்டால், அது 'ஒரு பிளைட்டி'. ஆகவே, அவனுடைய பைத்தியத்துக்கும் நமது தேசம் பெயர் கொடுத்தது. அவன் கண்ணீர் விட்டு நினைத்த வீட்டுக்கும் நமது தேசமே பெயர் கொடுத்தது. முதலாவதற்கு வட்டியோடு பழி வந்தது. இரண்டாவதற்கு நன்றி வரவில்லை.

இதற்குப் பரிகாரம் என்ன? சிலர் எழுத்துக் கூட்டலை மாற்றினால் போதும் என்கிறார்கள். மாற்ற வேண்டியதுதான். 1996-ல் மதராஸ் சென்னை ஆனபோது மகிழ்ந்தவர்களில் நாமும் ஒருவர். 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் 1,018 ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் உச்சரிப்புப்படி எழுத வேண்டும் என்று ஓர் உத்தரவை வெளியிட்டு, கூட்டல் முறையைப் பற்றிப் பலத்த ஆட்சேபம் எழுந்தபடியால் சில தினங்களுக்குள் அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் கூட்டலைத் திருத்தும் சட்டம் முதல் மூன்று நிலைகளோடு நின்றுவிடும். நான்காம் நிலையில் உள்ள சிறிய எழுத்துச் சொல்லை எந்தச் சர்க்கார் உத்தரவும் தீண்டாது. மதராஸ் சென்னையாகி இத்தனை வருஷமாகியும், கட்டம் போட்ட துணி ஆங்கிலத்தில் 'மதராஸ்' ஆகவே இருக்கிறது. லண்டன் ஹோட்டல்களில் காரமான ஒரு குழம்பும் 'மதராஸ்' என்ற பெயரிலேயே பரிமாறப்படுகிறது. அந்தக் குழம்பைச் சென்னையில் எந்த அம்மாளும் வைத்து நாம் உண்டதில்லை.

ஆகவே, சொல்லைப் பிடுங்கி எறிய நம்மால் ஆகாது. வேறு வாக்கியங்களை எழுத நம்மால் ஆகும். தேவ்லாலியைப் பற்றி எழுதுவதற்கு விஷயமா இல்லை? வெள்ளைக்காரன் காத்துக் கிடந்த அந்த ராணுவ நகரத்தில் பாரத சேனையின் பீரங்கிப் பள்ளி அமைந்திருக்கிறது.  எவ்வளவோ குடும்பங்களின் அண்ணன் தம்பிகளும் சித்தப்பாக்களும் அங்கே போய்ப் பயின்று, எல்லைகளில் காவல் நிற்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. பஞ்சவடிக்குப் போகும் யாத்திரிகர்களின் ரயில் அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது. இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். ஒவ்வொன்றிலும் தேவ்லாலிக்குப் பெரிய எழுத்து உண்டு. முன்னால் 'அட்' உண்டு.

நம் வீட்டுக் குழந்தைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள்; படிக்கட்டும். நம்மைக் காட்டிலும் நன்றாகவே எழுதப் போகிறார்கள். அவர்கள் தங்கள் ஊரின் பெயரை, தங்கள் மாமன் ஊரின் பெயரை, அத்தை வாழ்க்கைப்பட்ட சிற்றூரின் பெயரைக் கூச்சப்படாமல் ஆங்கில வாக்கியத்தில் வைத்து எழுதப் பழக வேண்டும். சொந்த வாக்கியம் அமைக்கச் சொன்னால் லண்டனையும் டேம்ஸ் நதியையும் கொண்டு அமைத்த காலம் நம்முடைய காலம். அதன் பலனாக நமது ஊர்களைப் பற்றிய வாக்கியங்களையெல்லாம் பிறரே எழுதினார்கள். இந்தத் தலைமுறையிலாவது அது மாறட்டும்.

ஒரு வாரம் முடிந்தது. குழந்தை நோட்டுப் புத்தகத்தோடு தவறாமல் ஆஜராயிற்று. நாம் நமது தீர்ப்பைச் சொன்னோம்: "உங்கள் டீச்சர் அம்மாள் சொன்னதுதான் இலக்கணம். பரீட்சையில் அப்படியே எழுது, மார்க்கை விட்டுவிடாதே. ஆனால் நீ எழுதிய வாக்கியமும் தப்பில்லை. அதில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. ஊரின் பெயரைச் சிப்பாய் எழுதிய மாதிரி எழுதிவிட்டாய். உன் சித்தப்பா கடிதத்தின் மேல் விலாசத்தில் எப்படி எழுதுகிறாரோ, அப்படி எழுது."

குழந்தை சற்று யோசித்தது. பிறகு நம் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, சிவப்பு மைக்குக் கீழே அதே வாக்கியத்தை மறுபடியும் நிறுத்தி எழுதிற்று. 'என் சித்தப்பா தேவ்லாலியில் பீரங்கி சுடக் கற்றுக் கொடுக்கிறார்.' எழுதி முடித்துவிட்டு, நாம் கேளாமலே இன்னொரு வாக்கியமும் சேர்த்தது.

'அங்கே திராட்சை நன்றாக இருக்கும்.'